ஊர் இழந்த பொருள்கள்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூரம் வைணவர்க்குக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாறு படிப்போர்க்கோ அது ஒரு செப்பேட்டின் பெயர். கூரத்துக் கோயில் தர்மகர்த்தாவிடம் இருந்த ஏழு செப்பேடுகளை அறிஞர் ஹூல்ட்ஷ் படித்து, 1890இல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் பதிப்பித்தார். ஏடுகள் சிதைந்திருந்தன, எனினும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவற்றிலிருந்தே கிடைத்தது.

இலட்சக்கணக்கான படையுடன் வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தலைப் போர்த்திக்கொண்டு ஓடினான் என்று அந்தச் செப்பேடு பெருமை பேசுகிறது. போர்ப் புகழ்ச்சியில் மிகை இருக்கலாம். ஆனால் அதே செப்பேடு பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகுக் கால்வாயையும் பரமேசுவர தடாகத்தையும் சொல்கிறது. தானமாகக் கொடுத்த பரமேசுவரமங்கலத்தை இருபத்தைந்து பங்காகப் பிரித்து, ஒரு பங்கைக் கூரத்து மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு ஒதுக்குகிறது. ஓர் ஊரில் பாரதம் வாசிப்பதற்கு ஏழாம் நூற்றாண்டிலேயே ஊதியம் இருந்தது என்பதை நாம் அறிவது இப்படித்தான்.

கூரத்திலிருந்து வெளியே போன இன்னொரு பொருள், ஒரு காலை முழங்கால் மடக்கி உயர்த்தி ஆடும் நடராசர் செப்புத் திருமேனி. அது இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லவர் கலையைப் பற்றி எழுதுவோர் எவரும் அதைத் தாண்டிச் செல்வதில்லை.

இவ்விரண்டும் ஊரை விட்டுப் போயின; ஊர்ப்பெயரை விட்டுப் போகவில்லை. ‘கூரம் செப்பேடு’, ‘கூரம் நடராசர்’ என்றே உலகம் அவற்றை அழைக்கிறது. அந்த ஏழு ஏடுகளும் தனித்தனியே ஏழு பேரிடம் ‘எழுத்துப் பொறித்த பழைய செம்புத் தகடு’ என்று விலை போயிருந்தால், பரமேசுவரவர்மனும் இல்லை, பாரதம் படித்தவரும் இல்லை. பழம்பொருளுக்கு மதிப்பு அதன் வயதால் மட்டும் வருவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிவதாலும் வருகிறது. சிறு பழம்பொருள் வணிகர்களின் வாழ்வை இணையம் எப்படி மாற்றியது என்பதை இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகப் பழைய பொருள் கடை வைத்திருக்கிறார். சாமி சிலை மட்டும் தொடுவதில்லை என்பது தந்தை காலத்திலிருந்து வரும் கட்டுப்பாடு. வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, கூஜா, பித்தளை விளக்கு, படி, உழக்கு, பல்லாங்குழி, ஓட்டைக் காலணா முதலானவையே அவருடைய உலகம். முன்பெல்லாம் காலையில் மிதிவண்டியில் கிளம்பிச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போவார். பழைய பட்டுப் புடவையும் வாங்குவார். காஞ்சிப் பட்டின் அசல் ஜரிகை வெள்ளியால் ஆனது, பொன்முலாம் பூசியது. கிழிந்த புடவைக்கும் அதனால் விலை உண்டு. வாங்கிய ஒவ்வொன்றையும் பழைய கணக்கு நோட்டில் எழுதுவார்: இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன பொருள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். “நாளைக்கு யாராவது திருட்டுச் சாமான்னு சொன்னா என்ன பண்றது சார்?” என்றார். அவர் பயந்து எழுதியது வரலாற்று மாணவனுக்கு வேறொன்றாகத் தெரிந்தது.

அந்தப் பயத்திற்குப் பின்னால் நீண்ட சட்ட வரலாறு உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம், நூறு ஆண்டு கடந்த தொல்பொருள்களை விற்க உரிமம் வேண்டும் என்றது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது. சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே வரம்பு. சிறு கடைக்காரர் பலருக்கு இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது தெளிவாகத் தெரியாது.

ஆனாலும் இந்தச் சிறு வணிகர்களுக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் எடுத்த பழங்காசுகள் சிறு வணிகர் கைகளின் வழியாகவே ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தன. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் மதுரை வணிகர் ஒருவரிடம் வாங்கிய காசுகளுள் ‘பெருவழுதி’ என்ற எழுத்துப் பொறிப்பைக் கண்டதால், சங்ககாலப் பாண்டியர் காசு வெளிச்சத்திற்கு வந்தது. காசு வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய காலம் அது. ‘எந்த ஆற்றில் கிடைத்தது?’ என்ற கேள்விக்கு அங்கே இடமிருந்தது.

இணையம் வந்தபின் பெரியவரின் நாள் வேறு விதமாக விடிகிறது. மிதிவண்டி சுவரோரம் நிற்கிறது. மகன் வாங்கித் தந்த கைப்பேசியில் இரவெல்லாம் வந்து குவிந்த செய்திகளைப் பார்க்கிறார். பெரும்பாலானவை ஒரே கேள்வி: கடைசி விலை என்ன? வெயில் ஏறுமுன் வாசல் திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்து விளக்கைப் படமெடுக்கிறார். அடிப்பக்கம், விளிம்பு, ஒடுங்கிய இடம் எல்லாம் தனித்தனியே படமாக வேண்டும். பிற்பகல் வைக்கோலும் பழைய செய்தித்தாளும் சுற்றிப் பொட்டலம் கட்டுவதில் போய்விடுகிறது.

நன்மை இல்லாமலில்லை. அவர் நானூறு ரூபாய்க்குக் கொடுத்த வெற்றிலைப் பெட்டியைப் போன்ற ஒன்று பல ஆயிரத்துக்கு விலை சொல்லப்படுவதை இணையத்தில் பார்த்த அன்றுதான், இடைத்தரகர் இத்தனை நாள் தம்மிடம் எப்படி வாங்கினார் என்பது அவருக்கு விளங்கியது. இன்று பெங்களூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் நேரே கேட்கிறார்கள். ஆனால் வாங்கும் இடத்திலும் இதே மாற்றம். கிராமத்துப் பாட்டியின் பேரன் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டே கைப்பேசியில் விலை தேடுகிறான். எங்கோ யாரோ கேட்கும் விலையைத் தனக்கும் கேட்கிறான். கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல என்று விளக்குவதிலேயே பெரியவரின் பேச்சு தீர்ந்துவிடுகிறது.

போலிகளின் தொல்லை இன்னொன்று. 1818 என்ற ஆண்டும் ராமர், அனுமன் உருவமும் பொறித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம்’ கோடிக்குப் போகும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். கம்பெனி அப்படியொரு நாணயத்தை வெளியிடவே இல்லை. பழைய நாணயத்துக்குப் பெரும்பணம் தருவதாகச் சொல்லி முன்கட்டணம் பறிப்போரை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க நேர்ந்தது.

என் கவலை இவற்றிலும் பெரிது. படத்தோடு பெரியவர் முதலில் ஊர்ப்பெயரையும் எழுதி அனுப்பிவந்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. “அளவு கேக்கறாங்க, எடை கேக்கறாங்க. ஊரை யாரும் கேக்கலை சார்” என்றார். பிறகு எழுதுவதை விட்டுவிட்டார். நோட்டும் நின்றுபோயிற்று. கூரத்து ஏடுகளுக்கு நேராதது, ஒவ்வொரு விளக்குக்கும் படிக்கும் இப்போது நேர்கிறது: பொருள் போகிறது, ஊர் உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் ஊரைத் தொலைத்த அதே இணையம் ஊரை மீட்டதும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன சோழர்கால நடராசரை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கியது. காகிதத்தில் அதற்கு வேறொரு பூர்வீகம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துவைத்த ஒளிப்படங்கள் இருந்தன. அவற்றையும் அருங்காட்சியகப் படங்களையும் ஆர்வலர்கள் ஒப்பிட்டு இணையத்தில் வெளியிட்டபோது, திருமேனியே தன் ஊரைச் சொல்லிற்று. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது. 2011இல் ஜெர்மனியில் கைதாகி அடுத்த ஆண்டு இந்தியா கொண்டுவரப்பட்ட கபூருக்கு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் சிலைக் கடத்தல் வழக்கில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

நடராசரை மீட்டது இணையம் மட்டுமன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்த ஊருக்குப் போய், படமெடுத்து, அதன் கீழே ஊர்ப்பெயரை எழுதிவைத்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால் ஒப்பிட ஏதுமில்லை. சாதாரணக் கூஜாவுக்கு எந்த நிறுவனமும் படமெடுத்து வைக்கப்போவதில்லை. அதைச் செய்யக்கூடியவர் அதை முதலில் கையில் வாங்கும் சிறு வணிகர் ஒருவர்தான்.

சென்ற மாதம் இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். “கேக்கற ஆள் இருந்தா எழுதறேன்” என்றார். அன்று அவரிடம் ஓர் உழக்கு வாங்கினேன். எந்த ஊர் என்று கேட்டேன். சற்று யோசித்து, பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கித் தூசி தட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கால்மணி நேரம் ஆயிற்று, கிடைத்தது. பொட்டலத்தின் மேல் ஊரும் தேதியும் எழுதித் தந்தார்.

இலக்கியம் படிக்கும் நண்பர்கள் பலர் வீட்டுக் கூடத்தில் பழைய விளக்கையும் பெட்டியையும் அழகுக்காக வாங்கி வைப்பதுண்டு. அடுத்த முறை விலையைக் கேட்பதோடு ஊரையும் கேளுங்கள்.