அந்தந்த ஊருக்கு அந்தந்த விதி

உத்திரமேரூர் சபை மண்டபச் சுவர் நம் பக்கத்தார் எல்லோரும் பார்த்ததுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அதில் உள்ளன. ஊருக்கு 30 குடும்பு. நிற்பவருக்கு 35 வயதுக்கு மேல், 70-க்குள். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். வாரியத்தார் வருடந்தோறும் மாறினார்கள். விதி மட்டும் ஊரோடு, சுவரிலேயே நின்றது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. திருப்புலிவனம் கோயில் பற்றி 2001 வாக்கில் நான் தட்டி வைத்த குறிப்புகளைச் சென்ற ஆண்டு புதுக் கணினியில் திறந்தேன். வரி வரியாகக் கேள்விக்குறிகள். அவசரத்தில் சேமித்தும் விட்டேன். பழைய சி.டி.யில் நகல் இருந்ததால் பிழைத்தேன்.

அவை திஸ்கி முறையில் இருந்தவை. அன்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அரசு ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு வந்தோம். புது எடிட்டர் எல்லாவற்றையும் யூனிகோடு என்றே எண்ணிப் படிக்கிறது.

"தாத்தா, எடிட்டர்ல மாத்தாதீங்க, ஃபோல்டர்ல மாத்துங்க" என்றான் பேரன். பழைய ஃபோல்டரில் '.எடிட்டர்கான்ஃபிக்' என்ற சிறு கோப்பை வைத்து, எழுத்துக் குறியீடு 'லத்தீன்1' என்று ஒரு வரி எழுதினான். தமிழ் அழகாகத் தெரியாது. ஆனால் சேமித்தாலும் ஒரு குறியீடும் சிதையாது. பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன். புதுக் கட்டுரை ஃபோல்டருக்கு வேறு வரி: 'யூடிஎஃப்-8'. எடிட்டர் ஒன்றே, வேலைக்கு வேலை விதி வேறு.

இந்த வழக்கம் புதிதல்ல. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1970-களில் எழுதிய 'விஐ' எடிட்டரும், வேலை நடக்கும் ஃபோல்டரில் உள்ள '.எக்ஸ்ஆர்சி' கோப்பைப் படிக்கும். அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. யாரோ தந்த ஃபோல்டரில் உள்ள கட்டளையும் நம் கணினியில் ஓடிவிடும். அதனால் பின்னர் வந்த 'விம்' நாம் கேட்டாலொழிய அதைப் படிப்பதில்லை. 2021 முதல் 'விஎஸ் கோட்' எடிட்டரும், "இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறது.

பழைய தமிழ்க் கோப்பு வைத்திருக்கும் நண்பர்களே, முதலில் நகல் எடுங்கள். பிறகு அந்த ஃபோல்டருக்குள்ளேயே அதன் விதியை எழுதி வையுங்கள். நமக்குப் பின் திறப்பவர்களுக்கு அதுதான் சுவர்.