தமிழ்ப் பள்ளியின் பாடக் கோப்புகள்: மீட்பதும் காப்பதும்

வெளிநாடுகளில் நடக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பால் நடப்பவை. ஒரு பள்ளிக் கட்டடத்தையோ கோயில் மண்டபத்தையோ சனி, ஞாயிறுகளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு எடுத்து, வாரமெல்லாம் வேறு வேலை பார்க்கும் பெற்றோரே ஆசிரியர்களாக நின்று பாடம் நடத்துகிறார்கள். பாடநூலுக்கு அடுத்தபடியாக இப்பள்ளிகளின் செல்வம் என்று சொல்லத்தக்கவை, அந்த ஆசிரியர்கள் இரவில் விழித்திருந்து தட்டச்சு செய்த பயிற்சித்தாள்கள், பாட்டுத் தொகுப்புகள், தேர்வுத் தாள்கள், ஆண்டு விழா நாடகங்கள்.

பிள்ளை வளர்ந்து பள்ளியை விட்டதும் பெற்றோரும் விலகுகிறார். புதிதாக வருபவர் அலமாரியில் கிடக்கும் குறுந்தகட்டைப் போட்டுப் பார்க்கிறார். கோப்பு திறக்கிறது. ஆனால் அதில் தமிழ் இல்லை; பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கின்றன. இருபது வருட உழைப்பு ஒரு பக்கம் இருக்க, அவர் மறுபடியும் அகரத்திலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்குகிறார்.

அந்தப் பழைய கோப்புகளை மீட்பதற்கும், இனி எழுதுபவை அதே கதிக்கு ஆளாகாமல் இருப்பதற்கும் ஆசிரியர்களும் பள்ளி அலுவலர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தர முயல்கிறேன்.

பழைய கோப்பு ஏன் படிக்க முடிவதில்லை?

1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் படத்தை வைத்தவை. இலங்கைத் தமிழரிடையே பரவலாக வழங்கிய 'பாமினி' இத்தகையது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி தன் நினைவில் வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் உள்ளபடியே தெரியும்.

மின்னஞ்சல் குழுக்களில் நடந்த விவாதங்களின் வழியே உருவான 'திஸ்கி', சென்னையில் 1999இல் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த 'டாப்' ஆகியவை வேறு வகை. இவற்றில் தமிழ் எழுத்துகள், ஆங்கிலத்தைத் தொடாமல் குறியட்டவணையின் மேற்பாதியில் அமர்ந்தன. அதனால் ஒரே எழுத்துருவில் இரண்டு மொழிகளையும் எழுத முடிந்தது. அக்காலத்தில் இணைய இதழ்களைப் படிக்க, உலாவியின் குறியேற்றத்தை மாற்றிவிட்டு எழுத்துருவைத் தரவிறக்கிக் காத்திருந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

ஒருங்குறி (யூனிகோடு) இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்தது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதில் 'த' என்பதன் எண் உலகின் எந்த மொழி எழுத்துக்கும் உரியதன்று. எழுத்துரு மாறினால் தோற்றம் மாறுமே தவிர, எழுத்து மாறாது. விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழ் சாதாரணக் கணினிக்கு வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

கோப்பை மீட்கும் முறை

முதலில் குறியேற்றத்தை இனங்காண வேண்டும். சொற்செயலியில் கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். பெயர் தெரியாத இடத்தில் தோற்றம் உதவும். ஆங்கில எழுத்துகளும் நிறைய அரைப்புள்ளிகளும் கலந்திருந்தால் அது பாமினி வகையாக இருக்கலாம். முக்கால் பின்னக் குறி, சென்ட் குறி, தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகள் ஆகியவை மலிந்திருந்தால் திஸ்கி வகையாக இருக்கலாம். திஸ்கியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் முக்கால் குறியுடன் தொடங்கும்.

அடுத்து, அந்த எழுத்துருவைக் கண்டுபிடித்து நிறுவி, கோப்பைத் தமிழாகப் பார்த்து, அதனை ஒரு பிடிஎஃப் படியாகவோ அச்சுப் படியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மெய்ப்புப் பார்க்க இதுவே ஆதாரம். மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. எழுத்துருக் கோப்பையும் அதே உறையில் சேர்த்து வையுங்கள்.

பிறகு ஒருங்குறி மாற்றியில் இட வேண்டும். சுரதாவின் 'பொங்குதமிழ்', சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் 'என்எச்எம் கன்வெர்ட்டர்' ஆகியவை 2000களில் பரவலாகப் பயன்பட்டன. நிரலெழுதத் தெரிந்த பெற்றோர் எவரேனும் இருந்தால், 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரலகத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்றித் தர முடியும். மாணவர் பெயர்ப் பட்டியல், முகவரி, மதிப்பெண் உள்ள கோப்புகளை இணைய மாற்றிகளில் ஒட்டாதீர்கள். அவற்றைச் சொந்தக் கணினியில் இயங்கும் மாற்றியைக் கொண்டே மாற்றுங்கள்.

மாற்றிய பின் மூன்று பிழைகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1. ஔகாரம். பாமினியில் 'ஔ' என்பதற்கு 'ஒ', 'ள' இரண்டையும் அடுத்தடுத்து அடிப்பார்கள். எனவே 'ஔவை' என்ற சொல்லும் 'ஒளி' என்ற சொல்லும் ஒரே இரு விசைகளில் தொடங்கும். எது எது என்று மாற்றிக்குத் தெரியாது. 'கௌதமர்' என்பது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து நிற்பதும் இதனால்தான். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது மட்டும் சொல் அகப்படாது. இணையத்தில் ஔவையாரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால், 'ஒ', 'ள' சேர்த்து அடித்தும் தேடிப் பாருங்கள்.

2. ஆங்கிலச் சொற்கள். பாமினிக் கோப்பின் இடையில் ஆங்கிலம் இருந்தால் அதுவும் தமிழாக்கப்பட்டுவிடும். நாள் என்று பொருள்படும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் 'னயல' என்று வந்து நிற்கும். இருமொழிப் பயிற்சித்தாள்களில் இது அதிகம்.

3. காலும் ரகரமும். அவசரத்தில் துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்தவர்கள் உண்டு. அச்சில் தப்பித்த அந்தப் பிழை ஒருங்குறியில் அப்படியே தொடரும்.

கோப்பே இல்லாமல் தாள் மட்டும் எஞ்சியிருந்தால், அதனைத் தெளிவாகப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்துணரி அதனை எழுத்தாக்கித் தரும். 'டெஸராக்ட்' என்னும் கட்டற்ற எழுத்துணரியும் தமிழை அறியும். சீர்திருத்தத்துக்கு முந்திய 'ணை', 'லை', 'றா' வடிவங்கள் உள்ள பழைய நூல்களில் பிழை கூடும். மெய்ப்புப் பார்ப்பவரின் பொறுமையே அங்கு கருவி.

எதில் தட்டச்சு செய்வது?

விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் ஆகிய எல்லாவற்றிலும் இன்று தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். முன்போல் முரசு அஞ்சலையோ எ-கலப்பையையோ தேடி நிறுவியாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆங்கில ஒலிப்பு முறையில் பழகிய ஆசிரியர்கள் அதையே தொடரலாம். பாமினி விசைகளில் விரல் பழகியவர்களுக்கு, அதே விசைகளில் அடித்து ஒருங்குறியாகப் பெறும் விசைப்பலகைகளும் உண்டு. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. சேமிக்கப்படுவது ஒருங்குறியாக இருந்தால் சரி.

மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது மட்டும் தமிழ்99 முறையைப் பரிந்துரைப்பேன். இதில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசைகள்தாம். குறில் நெடில்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'க' அடித்து 'ஆ' அடித்தால் 'கா' வரும். 'க' இருமுறை அடித்தால் முதலாவதில் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். 'ங' அடித்து 'க' அடித்தால் 'ங்க'. உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது, எந்த மெல்லினத்துக்கு எது இனம் என்று வகுப்பில் சொல்லித்தருவதைக் குழந்தையின் விரல்கள் இங்கே செய்து பார்க்கின்றன. ஒலிப்பு முறையிலோ 'ல', 'ள', 'ழ' ஆகியவற்றை ஆங்கில எழுத்தின் வழியாகவே அக்குழந்தை நினைவு வைக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சித்தாள் தயாரிக்கையில்

எழுதிப் பழகும் தாளுக்குப் புள்ளியிட்ட எழுத்துரு தேடி அலைய வேண்டாம். கூகுள் இலவசமாக வெளியிட்டுள்ள 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற தெளிந்த எழுத்துருவில் பெரிதாக அடித்து, நிறத்தை வெளிர்சாம்பலாக்கினால் குழந்தை அதன் மேலேயே எழுதலாம்.

குறுக்கெழுத்து, சொல்தேடல் புதிர்களை ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட செயலிகளில் செய்யாதீர்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். அத்தகைய செயலி புள்ளியைத் தனிக் கட்டத்தில் போட்டுவிடும். சொற்செயலியில் அட்டவணை வரைந்து கையால் நிரப்புவதே நன்று.

அகரவரிசையையும் சரிபாருங்கள். ஒருங்குறி அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வருகிறது. 'ர'வுக்கு அடுத்து 'ற'. தமிழுக்குரிய வரிசை விதி இல்லாத செயலி இப்படியே அடுக்கும். அருஞ்சொல் பட்டியலை அப்படியே வகுப்பில் கொடுத்தால், நாம் கற்பித்த ய, ர, ல, வ, ழ, ள, ற, ன வரிசைக்கு மாறாக இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு நொடியில் பயிற்சித்தாள் எழுதித் தருகின்றன. ஆனால் இல்லாத பழமொழியையும் தவறான ஒற்றையும் அதே சரளத்துடன் தருகின்றன. குறள், ஆத்திசூடி, பழமொழி எதையும் மூலத்துடன் ஒப்பிடாமல் குழந்தையிடம் கொடுக்கலாகாது.

ஒப்பிட்டுப் பார்க்க மூலங்கள்

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையான நூல்கள் உள்ளன. முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் படியெடுத்துக் கொடுக்கலாம். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் நிறுவனம் மழலைக் கல்விப் பாடங்களை ஒலியுடன் தருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் சொல்லிட்டுத் தேடலாம். தமிழ்நாட்டின் பாடநூல்களும் இலங்கையின் தமிழ்வழிப் பாடநூல்களும் அந்தந்த அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்தவர் கையில் சேர

பாடங்கள் இன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. அனுப்புவதற்கு அது நல்ல வழி, காப்பதற்கு அன்று. கைபேசி மாறும்போது படமும் ஒலியும் போய்விடும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் வைத்தாலும் அவர் விலகும்போது சாவி அவரோடு போய்விடும். பள்ளியின் பெயரில் ஒரு கணக்கு, அதன் கடவுச்சொல்லை அறிந்த பொறுப்பாளர் குறைந்தது இருவர், இவை தவிர வேறோர் இடத்தில் ஒரு வன்தட்டுப் படி. இதுவே போதும்.

கோப்பின் பெயரில் வகுப்பு, பாட எண், பொருள், ஆண்டு நான்கும் இருக்கட்டும். 'புதியது', 'கடைசி', 'கடைசி திருத்தியது' என்ற பெயர்கள் எழுதியவருக்கே அடுத்த மாதம் விளங்காது. பிடிஎஃப் படியை மட்டும் வைத்துவிட்டு மூலத்தை விட்டுவிடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழைப் படியெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருவது வழக்கம். நீண்ட காலத்துக்குக் காக்க வேண்டிய கதை, பாட்டு, நாடகம் ஆகியவற்றை யூடிஎஃப்-8 வடிவில் வெறும் உரைக்கோப்பாகவும் ஒரு படி வையுங்கள். எந்த நிறுவனத்தின் மென்பொருள் வந்தாலும் போனாலும் அது திறக்கும்.

வரும் பள்ளி ஆண்டு தொடங்குமுன் ஒரு விடுமுறை நாளில் ஆசிரியர்கள் நான்கு பேர் அந்த அலமாரியின் முன் அமர்ந்தால் ஒரு குறுந்தகட்டையாவது மீட்டுவிடலாம். குறுந்தகடுகளுக்கும் ஆயுள் உண்டு. பூச்சு உதிர்ந்தபின் எந்த மாற்றியாலும் பயனில்லை. அவற்றைத் தட்டச்சு செய்தவர்களில் பலர் இன்னும் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். எழுத்துருவின் பெயர் என்ன, இந்தப் பாட்டு யார் சொல்லித் தந்தது என்று கேட்டறிய இப்போது முடியும்.