ரீல் சீட் ஆடுதா? ஃபிஷிங் ராடு கட்டுறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

சொந்தமாக ஃபிஷிங் ராடு கட்டும்போது சொதப்ப வாய்ப்புள்ள இடம், ரீல் சீட். ரீலைப் பூட்டும் இந்தப் பிடி, பெரிய மீன் இழுக்கும்போது சுற்றிக்கொண்டால் ரீல் ஒரு பக்கம், நரம்பு ஓடும் வளையங்கள் ஒரு பக்கம்னு ஆகிடும்.

காரணம் இடைவெளி. சீட்டின் உள் விட்டம் 16 மி.மீ., ராடின் வெறும் குழாயான பிளாங்க் அந்த இடத்தில் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 2 மி.மீ. காலி. வெறும் பசையை ஊற்றினால் சீட் நடுவில் நிற்காது.

இதற்காக மாஸ்கிங் டேப்பை இரண்டு, மூன்று வளையங்களாகச் சுற்றுவார்கள். பிளாங்க் நுனியை நோக்கி மெலிவதால், முன் வளையத்துக்கு டேப் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வளையங்களுக்கு நடுவே அரை சென்டிமீட்டராவது காலி விடணும். அங்கேதான் எபாக்சி பிளாங்க்கை நேரடியாகப் பிடிக்கும். முழுசா சுத்திட்டா, சீட் ஒட்டுவது பேப்பரில்தான்! டேப் ஊறாமல் இருக்க அதன் விளிம்புகளையும் எபாக்சியால் மூட வேண்டும்.

ஒட்டும் முன் உப்புத்தாளால் பிளாங்க்கை லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடைக்கணும். அழுத்தித் தேய்த்தால் நார் சேதமாகும். 5 நிமிட எபாக்சி வேண்டாம். நேர் பார்ப்பதற்குள் இறுகிவிடும்.

சீட்டைத் திருகியபடியே தள்ளி, வளையங்கள் வரப்போகும் கோட்டுக்கு நேராக நிறுத்தி, மரையில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். காய்ந்த பிறகு கோணல் தெரிந்தால், பெரும்பாலும் சீட்டை அறுத்துத்தான் எடுக்கணும்.