வயலிற் பிறந்த எதிர்ப்பு

1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23ஆம் நாள், பொஸ்ரன் நகர வைத்தியசாலையொன்றிலே, யோசப் மறே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவனது சிறுநீரகத்தை அவனுடைய இரட்டைச் சகோதரனுக்குப் பொருத்தினார். ஒரே கருவிற் பிறந்தோராதலால் உடல் அதனை ஏற்றுக்கொண்டது. ஏனையோர்க்கு அவ்வாய்ப்பில்லை, பிறர் உறுப்பை எதிர்த்தல் உடலின் இயல்பு. அவ்வியல்பை அடக்கும் மருந்துகளுள் தலையாயதான சைக்குளோஸ்போரின், நோர்வேயின் மேட்டுநில மண்ணில் வாழ்ந்த ஒரு பங்கசிலிருந்து கிடைத்தது. 1972இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் அதன் ஆற்றலைக் கண்டனர்.

அவ்வாறு காக்கப்பட்ட உயிரைப் பறிக்க வந்ததும் வேறொரு பங்கசே. அழுகும் இலைதழைகளில் வளரும் அஸ்பேஜிலஸ் ஃபூமிகேற்றசின் வித்திகளை நாமெல்லாம் நாள்தோறும் சுவாசிக்கின்றோம். பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவனது நுரையீரலிலோ அது வேரூன்றிவிடுகிறது. அவனுக்குப் பெருந்துணையாவன அசோல் இன மருந்துகள். பங்கசுக் கலத்தின் மென்சவ்வுக்கு இன்றியமையாத பொருளொன்று உருவாகாமல் அவை தடுக்கின்றன.

மருந்தை நெடுங்காலம் உண்டவனிடத்தே எதிர்ப்புத் தோன்றினால் வியப்பில்லை. ஒல்லாந்திலோ, அசோல் மருந்தை உண்டறியாத நோயாளரிடத்தும் அதற்கு மசியாத பங்கசு காணப்பட்டது. நைமேகன் நகர ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட முடிவின்படி, வெவ்வேறு வைத்தியசாலைகளிற் கிடைத்த அத்தகைய பங்கசுகளுட் பெரும்பாலானவை ஒரே மரபணு மாற்றத்தைக் கொண்டிருந்தன. ஒருவரையொருவர் அறியாத நோயாளரின் உடல்களில் அம்மாற்றம் தனித்தனியே தோன்றியதெனல் பொருந்துமா? அது வெளியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

வெளியே இருந்தவை கோதுமை வயல்களும் பூத்தோட்டங்களும். பயிர்நோயைத் தடுக்க அங்கே தெளிக்கப்பட்டவையும் அசோல்களே. 1990க்கும் 1996க்குமிடையே அங்கே அனுமதி பெற்ற ஐந்து பயிர்மருந்துகள், வடிவத்தில் வைத்தியசாலை மருந்துகளை மிக நெருங்கியவை என்பது 2012இல் விளக்கப்பட்டது. தெளித்தவர் அஸ்பேஜிலசை எண்ணித் தெளிக்கவில்லை. ஆயினும் மருந்தெச்சம் படிந்த பூக்கிழங்குக் கழிவுக் குவியலில், அம்மருந்தைத் தாங்கவல்லதே பிழைத்துப் பெருகிற்று. ஒல்லாந்திலிருந்து வந்து டப்ளின் நகரில் விற்கப்பட்ட துலிப் கிழங்குகளிலும் அது இருந்ததை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. பூவோடு சேர்ந்து எதிர்ப்பும் ஏற்றுமதியாயிற்று!

இதன் விலை யாது? எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளர் 196 பேரை ஆராய்ந்து 2019இல் ஒல்லாந்தர் வெளியிட்ட கணக்கில், மருந்துக்கு மசியாத பங்கசு பற்றியோருள் 90 நாளில் மாண்டவர் நூற்றுக்கு 62 பேர்; மசியும் பங்கசு பற்றியோருள் 37 பேர். ஐரோப்பாவில் 2010 முதல் 2021 வரை மனித மருத்துவத்துக்கு வெளியே விற்பனையான அசோல் ஏறத்தாழ 1,20,000 தொன். அதிற் பெரும்பகுதி வேளாண்மைக்கே சென்றது.

உழவனை நாம் நோகவில்லை. விளைச்சலைக் காக்கக் கடையிற் கிடைத்ததை அவன் வாங்குகிறான். பயிர்மருந்துக்கு ஓர் அலுவலகமும் மனித மருந்துக்கு இன்னோர் அலுவலகமும் தனித்தனியே முத்திரை குத்தும் முறையையே நோகின்றோம். அசோலுக்கு மசியாத பங்கசை வேறு வழியாற் கொல்லும் ஓலோரொஃபிம் என்னும் புதுமருந்து நோயாளரிடத்தே பரிசோதிக்கப்பட்டு வந்த காலத்திலேயே, 2022இல், அதே வழியாற் கொல்லும் பயிர்மருந்தொன்றுக்கு அமெரிக்கா அனுமதி வழங்கிவிட்டது.