ஆறு தூரத் தள்ளிய துறைமுகம்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொற்கை. வாழை, நெல், ஒரு குளம், எத்தனையோ தலைமுறை கண்டதாக ஊரார் சொல்லும் ஒரு வன்னி மரம். தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் எந்தக் கிராமத்துக்கும் இந்த அடையாளங்கள் பொருந்தும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் சங்கப் பாடல்களில் இது முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளஸ்’ என்ற கிரேக்க வணிகக் கையேடும், அதற்கு அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த தாலமியும் இந்த ஊரைக் குறிப்பிடுகின்றனர். இங்கே தண்டனைக் கைதிகளை இறக்கித்தான் முத்துக் குளித்தார்கள் என்றுகூட அந்தக் கையேடு சொல்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு துறைமுகம் காணாமல் போனால் முதலில் கடலைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம். பூம்புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. தனுஷ்கோடிக்கு இலக்கியச் சான்றே தேவையில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடி நிலையத்தை எட்டும் முன்பே புயலலையில் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நின்றன, ஊர் இல்லை. ஒரே இரவில் நடந்து முடிந்ததால் அதற்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு, நினைவுநாளும் உண்டு.

கொற்கைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அங்கே கடல் எதையும் விழுங்கவில்லை. ஆறுதான் கடலை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனது.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நூற்றிருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்குத் தண்ணீர் தருகின்றன. மலையில் வேகமாக இறங்கும் நீர் மண்ணையும் மணலையும் சுமந்து வருகிறது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. வேகம் குறைந்த நீரால் சுமையைத் தாங்க முடிவதில்லை. முகத்துவாரத்தில் அதை இறக்கி வைக்கிறது. வளைகுடாவோ கரையோரத்தில் ஆழம் குறைந்தது. எதிரே இலங்கை இருப்பதால் பெருங்கடலின் முழு வீச்சும் இங்கே வந்து மோதுவதில்லை. இறங்கிய மண்ணை அள்ளிக்கொண்டு போக ஆளில்லை என்றே சொல்லலாம். அலை தன் பங்குக்கு மணலை ஒதுக்கி வாயை அடைக்க, ஆறு பக்கத்தில் வேறொரு வாயைத் தேடிக்கொள்ளும். பழைய வாய் முதலில் கழியாகும், பிறகு சதுப்பாகும், கடைசியில் வயலாகும்.

பழியெல்லாம் ஆற்றின் மேல் மட்டும் போடவும் முடியாது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தது. ராமேஸ்வரத்தில் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி நிற்கும் செத்த பவளப்பாறைகள் அதற்கு அடையாளம். கடல் தானாகவும் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது.

இதை மண்ணைக் கிளறிப் பார்த்துச் சொன்ன முன்னோடி, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்த அந்தப் பாதிரியார் 1870களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டினார். மேல்மண்ணைத் தாண்டியதும் பழைய கடற்கரையின் மணலும் சிப்பிகளும் தட்டுப்பட்டன. இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய தாழிகளும் கிடைத்தன. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல் கட்டுமானம், உறைகிணறு, அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகள் வெளிவந்தன. அங்கே எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 அளவில் என்று கணிக்கப்பட்டது. 2021இல் மறுபடியும் அகழாய்வு நடந்தது. கொற்கைத் துறைமுகத்தைத் தேடிக் கடலடியில் ஆய்வு செய்யப்போவதாகவும் அதே ஆண்டு அரசு அறிவித்தது. கடலில் தேடுவதும் நல்லதுதான். ஆனால் பழைய படகுத்துறை எங்காவது மிஞ்சியிருந்தால், அது யாரோ ஒருவரின் வாழைத்தோட்டத்துக்கு அடியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு மெதுவாக நடந்தது இந்தத் தள்ளல்? இரண்டாயிரம் ஆண்டுகளில் ஆறேழு கிலோமீட்டர் என்று வைத்தால், சராசரியாக ஆண்டுக்கு மூன்று மீட்டர் சொச்சம். ஐம்பது வருடம் தோணி ஓட்டிய ஒருவர், பையனாக இருந்தபோது கண்ட கரைக்கும் கிழவராகிக் கண்ட கரைக்கும் நடுவே நூற்றைம்பது மீட்டர் சேறு சேர்ந்ததைப் பார்த்திருப்பார். முகத்துவாரத்தில் தோணி தரைதட்டுகிறது என்று புலம்பியிருப்பார். அதற்காக யாரும் ஊரைக் காலி செய்ய மாட்டார்கள். கொஞ்சம் கிழக்கே தள்ளி ஒரு புதுத் துறை தானாக முளைக்கும், அவ்வளவுதான்.

அப்படி முளைத்ததுதான் இன்று பழையகாயல் எனப்படும் காயல். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ இதைப் பெரிய, சிறந்த நகரம் என்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்து நின்றன. பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, வியாபாரிகளுக்கு இதில் வருத்தமே இல்லை என்று அவர் எழுதியிருப்பதில் ஒரு வணிகக் குடும்பத்துப் பிள்ளையின் கண் தெரிகிறது. ஆறு நூற்றாண்டுகள் கழித்துக் கால்டுவெல் அதே இடத்தில் நடந்தபோது உடைந்த ஓடுகளும் பானைகளும் வெகுதூரம் இறைந்து கிடந்தன. அவற்றில் சீனப் பீங்கான் துண்டுகளும் இருந்தன. காயலையும் வண்டல் கடலிலிருந்து பிரித்துவிட்டது. அடுத்த துறை இன்னும் கிழக்கே, ஆற்றின் வாயிலேயே அமைந்த புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே இருந்தார்கள். பிறகு வணிகம், முகத்துவாரத்தைவிட்டு விலகி வடக்கே இருக்கும் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கொற்கையின் வீழ்ச்சிக்கு ரோமானிய வணிகம் தளர்ந்ததும், மதுரை அரசியல் தலைமையிடமாக ஓங்கியதும் காரணங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் அரசியல் திரும்பவும் சாதகமாக மாறும், சந்தை மறுபடி சூடுபிடிக்கும். மண்மூடிய வாய் திறக்காது.

மெதுவானது, வேகமானது என்று இப்படிப் பிரித்துப் பேசுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு தினமும் ஒரே அளவாக மண் சுமப்பதில்லை. வருடம் முழுக்கச் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் சில வெள்ள நாட்களிலேயே முடித்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை அதைக் கண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் கரைந்துபோய், தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. ஏரல் கடைத்தெருவில் தண்ணீர் புகுந்தது. வடிந்தபோது சேறு மிஞ்சியது. கொற்கையைக் கடலிலிருந்து பிரித்த மண்ணும் இப்படிப்பட்ட பல வெள்ளங்களில் வந்து இறங்கியதுதான்.

இப்போது அந்த மண்ணுக்கு வழியில் பல தடைகள். 1940களில் பாபநாசம் அணையும் 1950களில் மணிமுத்தாறு அணையும் வந்தன. மலையிலிருந்து இறங்கும் வண்டலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. வந்து சேர்ந்த மணலை லாரிகள் அள்ளிப்போயின. கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது.

முகத்துவாரத்தைவிட்டு வணிகம் போய்ச் சேர்ந்த தூத்துக்குடியிலும் கரையோரக் கடல் ஆழமில்லாததுதான். நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கும் ஆட்களும் தோணியில் போய்வந்தார்கள். 1974இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இன்றைய வ.உ.சி. துறைமுகத்தை முகத்துவாரத்தில் கட்டாமல், வடக்கே கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே கட்டினார்கள். பெரிய கப்பல்கள் உள்ளே வர, அதன் நுழைவாய்க்காலையும் தூர்வாரி ஆழப்படுத்தியிருக்கிறார்கள்.