சும்மா இருக்கப் பிறந்த கல்

கிரேக்க நாட்டின் மிலோஸ் தீவு என்றால் பலருக்கும் நினைவு வருவது வீனஸ் சிலை. 1820இல் ஓர் உழவர் கண்ணில் பட்டது. இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே தீவிலிருந்து கப்பல் கப்பலாகப் புறப்படும் இன்னொரு சரக்கைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. சாம்பல் நிறக் கல், பெயர் பெர்லைட். அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, வீட்டுத் தோட்டத்தில் ஆசைக்குக் கட்டும் விறகுப் போறணையின் அடிவயிறு. ரொட்டியும் பீட்சாவும் சுடும் குவிமாட அடுப்பைத்தான் போறணை என்கிறேன். ஈழத்துப் பேக்கரிகளில் அதற்கு அதுதான் பெயர்.

பெர்லைட்டின் பூர்விகம் எரிமலை. சிலிக்கா மிகுந்த குழம்பு, படிகமாக உறைய அவகாசம் இல்லாமல் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடியாகிவிடும். மிலோஸில் கற்கால மனிதர்கள் வெட்டுக் கருவியாகச் செதுக்கிக்கொண்ட கறுப்பு அப்சிடியனும் அப்படிப் பிறந்ததுதான். அதற்குள் இருக்கும் நீர் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. காலங்காலமாக மழைநீரும் நிலத்தடி நீரும் கண்ணாடிக்குள் ஊறி, அந்த அளவு 2 முதல் 5 விழுக்காடு வரை ஏறிவிட்டால் அது பெர்லைட். கையில் எடுத்தால் காய்ந்த கல்தான். ஈரம் இருப்பதற்கு ஓர் அடையாளமும் தெரியாது.

திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டி, உடைத்து, உலர்த்தி, சலித்துப் பிரித்துக் கப்பலேற்றுகிறார்கள். பச்சையாகவே அனுப்புவதற்குக் காரணம் வியாபாரக் கணக்கு. பொரித்தால் பருமன் 20 மடங்கு வரை பெருகும். அப்புறம் காற்றுக்குத்தான் கப்பல் கூலி கொடுக்க வேண்டும். அதனால் விற்கிற ஊருக்குப் பக்கத்து ஆலையில்தான் பொரிப்பு நடக்கும்.

உலையில் சூடு 850, 900 டிகிரி செல்சியஸை எட்டும்போது கண்ணாடி இளகுகிறது. உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெளியேறத் திமிறுகிறது. சூட்டு மணலில் விழுந்த நெல்லைப் போல மணி படாரென்று பொரிகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். சாம்பல் நிறம் வெள்ளையாகிறது. கனமீட்டருக்கு 1,000 கிலோ கனத்த சரக்கு 100 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. நீர் போன இடமெல்லாம் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்கள், அவற்றுக்குள் அசையாத காற்று. மாடித்தோட்டம் போடுகிறவர்கள் தொட்டி மண்ணில் கலக்கும் வெள்ளை மணி இதுவேதான். விரல்களுக்கிடையே அழுத்தினால் நறநறவென்று மாவாகிவிடும். இவ்வளவு நோஞ்சான் பொருளுக்குப் போறணையில் என்ன வேலை?

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பொம்பேயில், ஒரு பேக்கரியின் போறணைக்குள் கரிந்துபோன 81 ரொட்டிகள் கிடைத்தன. இன்று தோட்டங்களில் எழும் போறணைக்கும் அந்தக் குவிமாடம்தான் முன்மாதிரி. ஆனால் பேக்கரியில் அன்றாடம் தீ எரியும். பெருத்த சுவர் முழுதாக ஆறுவதற்குள் அடுத்த நாள் விறகு விழுந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் எரிக்கிற வீட்டுக்காரருக்கு அந்தப் பருமன் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு தடவையும் அத்தனை கல்லையும் சூடேற்றியே விறகு தீர்ந்துபோகும். அவருக்கு வேண்டியது, சூட்டை வாங்கிக்கொள்ளும் கல் அளவாகவும், சூட்டைத் தடுக்கும் போர்வை தாராளமாகவும் இருக்கும் போறணை.

மேடைக்கு மேல் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் நேராகத் தீ தாங்கும் செங்கலான ஃபயர் பிரிக் பரப்பினால், சூடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மேல்பக்கம் சிவந்த ரொட்டி அடிப்பக்கம் வெளுத்துக் கிடக்கும். கான்கிரீட்டுக்கும் ஃபயர் பிரிக்குக்கும் நடுவில்தான் பெர்லைட்டுக்கு இடம். 5 பங்கு பெர்லைட்டுக்கு 1 பங்கு சிமெண்ட். எடைக் கணக்கு இல்லை, வாளிக் கணக்கு. கலவையை மண்வெட்டியால் அடித்துக் கிளறினால் குமிழ் நொறுங்கிவிடும். முதலில் மணியை நனைத்துக்கொண்டு, சிமெண்டைத் தூவி, ஒவ்வொரு மணிமேலும் சிமெண்ட் பால் ஒட்டும்வரை மெதுவாகப் புரட்ட வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும். ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. நாலு அங்குல கனத்துக்குப் பரப்பி, பலகையால் லேசாகத் தட்டிச் சமன் செய்தால் போதும். திம்மிசு போட்டு இறுக்கினால் காசு கொடுத்து வாங்கிய காற்றெல்லாம் போச்சு.

காய்ந்த பிறகும் நகத்தால் கீறினால் உதிரும். இதுவா இத்தனை கல்லைத் தாங்கப்போகிறது என்று கொத்தனார் முகம் சுளிப்பது நியாயம்தான். பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவலாக இறங்குவதால் தாங்கிவிடுகிறது. அதன்மேல் ஃபயர் பிரிக் தளம், தளத்தின்மேல் குவிமாடம், குவிமாடத்தின் முதுகில் செராமிக் ஃபைபர் போர்வையோ மறுபடியும் பெர்லைட் கலவையோ, கடைசியில் மேல்பூச்சு.

கல்லைப் பொரிய வைத்த நீர் இனி அதற்குப் பகை. அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். குமிழுக்கிடையே ஈரம் தங்கினால் நாலு அங்குலம் இருந்தும் இல்லாததுதான். கலவையிலும் சாந்திலும் இருக்கும் நீரை முதல் வாரத்தில் சிறு சிறு தீ மூட்டித்தான் வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே பெருந்தீ வளர்த்தால், உள்ளே கிளம்பும் ஆவி குவிமாடத்தைப் பிளந்துவிடும். அதன்பிறகு மழை படாமல் கூரையோ நீர் புகாத பூச்சோ வேண்டும். உள்ளே மிஞ்சிய ஆவி வெளியேற உச்சியில் ஒரு சிறு துளையும் வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தால், தீ வளர வளரக் குவிமாடத்தின் உள்பக்கம் முதலில் கரி பிடித்துக் கறுக்கும். சூடு ஏறியதும் அந்தக் கரியே எரிந்து கல் வெளுக்கும். அப்போது உள்ளே விட்ட மெல்லிய பீட்சா இரண்டு நிமிடத்துக்குள் வெந்துவிடும். தணலை வாரி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, சூடு 250 டிகிரிக்கு இறங்கியதும் ரொட்டி. மறுநாள் காலையிலும் பயறு வேகும் சூடு இருக்கும். அதுவும் தணிந்த பிறகு அடுத்த தீக்கான விறகை உள்ளே அடுக்கி உலர்த்திக்கொள்ளலாம். ஒரே தீயில் இவ்வளவு நடப்பதற்குக் காரணம், கீழே ஒன்றும் செய்யாமல் கிடக்கிற அந்தக் கண்ணாடிப் பொரி.

கட்டுகிறவர் கையில் பணம் குறைந்தால் மேல்பூச்சைத் தள்ளிப்போடலாம், புகைபோக்கியின் அலங்காரத்தை விட்டுவிடலாம். குவிமாடத்துக்குப் போர்வை போதவில்லையென்றால் அடுத்த ஆண்டு இன்னொரு சுற்று போட்டுக்கொள்ளலாம். தளத்துக்கு அடியில் மட்டும் பிற்பாடு எதையும் நுழைக்க முடியாது. அந்த நாலு அங்குலத்தில் மிச்சம் பிடித்தவர், போறணை இருக்கும் நாளெல்லாம் அதை விறகாகக் கட்டிக்கொண்டிருப்பார்.