கொல்லிப்பாவையும் மெழுகு மூக்கும்

காளப்பநாயக்கன்பட்டியில் கொல்லிமலை பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். எதிரே மலை, நினைவிலோ கொல்லிப்பாவை. சிரித்து மயக்கி ஆளைக் கொல்பவள் அவள். அழகு தன்னை உடையவளையே வஞ்சித்த கதையும் ஒன்று உண்டு.

1899-ல் வியன்னாவில் கெர்சூனி என்ற வைத்தியர் வாசலைனை ஊசிமூலம் உடம்பில் ஏற்றினார். பின்னாலேயே பாரபின் மெழுகு வந்தது. சீமைச் சீமாட்டிகள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்! கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி, கிரேக்கச் சிலையின் மூக்கு வேண்டுமென்று 22 வயதில் மெழுகு ஏற்றிக்கொண்டாள். மெழுகு வைத்த இடத்தில் இருக்குமா? மோவாய்ப் பக்கம் இறங்கி முகத்தையே குலைத்துவிட்டது. வேறு பலருக்குக் கட்டிகள். ரத்தக் குழாயில் மெழுகு புகுந்து கண்ணிழந்தவர்களும் உண்டு. வெட்டி எடுப்பதுதான் வைத்தியம்; வெட்டினால் தழும்பு.

இன்று ஏற்றுவது பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். 1934-ல் மேயரும் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள். இதுவும் குழாயை அடைத்தால் தோல் வெளுக்கும், வலிக்கும், அழுகும். ஆனால் இதைக் கரைக்க ஹயலூரானிடேஸ் இருக்கிறது. தாமதமின்றிப் போட்டால் தோல் பிழைக்கும். பார்வை போய்விட்டாலோ, திரும்புவது அரிது.

மெழுகை அந்த மருந்து தொடாது. கிளாடிஸ் 1921-ல் மார்ல்பரோ கோமகனை மணந்தாள். 1928-ல் பிளெனிம் அரண்மனை முகப்பின் விதானத்தில் அவளுடைய நீலக் கண்களைத் தீட்டினார்கள். கண்களை மட்டும்.